கேட் இடுக்கு வழியாக வந்த அப்பம்

உக்காருங்க தம்பி. அந்தக் கடைசிப் பெஞ்சு வேண்டாம், ஆடும். இங்கன வாங்க, ஃபேன் காத்து கொஞ்சம் வரும். நீங்க எதுக்கு இந்தப் பேராயர் ஆபீசுக்கு வந்திருக்கிய, டிரான்ஸ்பரா? மிஷன் பள்ளிக்கூடமா? சரி சரி. அது மாடியில பாக்கணும், ஆனா அவியளும் காபி குடிச்சுட்டு மெதுவாத்தான் வருவாவ. அதுவரைக்கும் என்கூட இருங்க. நான் கொஞ்சம் சத்தமாப் பேசுவேன், தப்பா நெனைக்காதீய. ரைஸ் மில்லு வச்சிருந்தவன். மிஷின் சத்தத்துல கத்திக் கத்தித் தொண்டை இப்படி ஆயிப்போச்சு. பேரு சுவிசேஷமுத்து. ஊரு சுகிர்தபுரம்.

அங்கன தூண் ஓரத்துல வெள்ளைச் சேலையில ஒரு பிள்ள உக்காந்திருக்குல்லா. திரும்பிப் பாக்காதீய, பாக்காமக் கேளுங்க. அதுதான் எங்க சேகரத்துக்கு, அதான் எங்க வட்டாரத்துக் கோயில்களுக்கு, குருவானவர். ஆமா, பொம்பளதான். பேரு பியூலா. இன்னைக்கு அது மேலதான் இங்க விசாரணை. பேராயர் ஐயா உள்ள இருக்காவ, கமிட்டிக்காரவிய ரெண்டு பேரு வரணும், வந்ததும் கூப்பிடுவாவ. சாட்சி நான்தான். வேற யாரு சொல்லுவா, செத்தது என் பொண்டாட்டியாச்சே.

என்ன குத்தம்னு கேக்கியளா? என் பொண்டாட்டி சாகக் கிடந்தப்போ அது நற்கருணை கொடுத்துட்டு, அப்பமும் திராட்சரசமும். பாத்தியளா, உங்க முகமும் அப்படி ஆகுது. சாகக் கிடக்கிறவளுக்கு நற்கருணை கொடுத்தது ஒரு குத்தமான்னு எல்லாரும் இப்படித்தான் பாக்காவ. முழுசாக் கேட்டுட்டுப் பாருங்க.

எங்க ஊரு கோயில் வெள்ளைக்காரன் காலத்து ஆங்கிலிக்கன் கோயில். அப்புறம் சபை எல்லாம் ஒண்ணாச் சேந்துட்டு, பேரு மாறிட்டு, ஆனாலும் எங்களுக்குப் பழைய முறைதான். முழங்கால் போட வேண்டிய இடத்துல போடுவோம், எந்திரிக்க வேண்டிய இடத்துல எந்திரிப்போம். அதுல ஒரு எழுத்து மாத்த விடமாட்டோம். மேல இருக்கவிய பொம்பளைக்கும் குருப்பட்டம் கொடுக்கலாம்னு தீர்மானம் போட்டாவ. போடட்டும், எங்கயோ டவுன்ல போடுதாவன்னு இருந்தோம். நம்ம ஊருக்கு வரும்னு யாரு நெனச்சா. மூணு வருஷத்துக்கு முந்தி ஸ்கூட்டர்ல வந்து இறங்கிட்டு.

நான் பொம்பளைக்கு விரோதி இல்ல தம்பி. என் மில்லுல கணக்கு எழுதினதே ஒரு பொம்பளதான், ஒரு நாள் ஏமாத்தினது கிடையாது. ஆனா பீடத்துல நின்னு அப்பத்தைக் கையில எடுக்கறது வேற. வேதத்துல ஆண்டவரோட கடைசி ராப்போஜன மேசையில உக்காந்த பன்னெண்டு பேரும் ஆம்பிளதானே? அப்போ ஒரு பொம்பள கையில எடுத்து ஜெபம் பண்ணினா அது என்ன? அப்பம். பேக்கரியில கண்ணாடிக்குள்ள இருக்கே, அதே அப்பம். அதுல ஆண்டவரும் இல்ல ஒண்ணும் இல்ல. இதைத்தான் நான் சொன்னேன். கோயில் வாசல்ல சொன்னேன், கமிட்டியில சொன்னேன், டீக்கடையில வச்சும் சொன்னேன். அந்தப் பிள்ள காதுபடவும் சொல்லியிருக்கேன். அதுக்கு அது, "அண்ணாச்சி, மில்லு எப்படி ஓடுது"ன்னு கேக்கும். அந்தத் திண்ணக்கம், அந்த அலட்சியம் எனக்குப் பிடிக்காது.

என் வீட்டுக்காரி பேரு தங்கபுஷ்பம். எங்களுக்குப் பிள்ளை கிடையாது. அவளுக்குக் கோயில்தான் பிள்ளை, பாட்டுக் குழுதான் பேரப்பிள்ளை. அந்தப் பியூலா வந்த புதுசுல இவ முறுக்கு சுட்டுக் கொண்டு போய்க் கொடுத்துட்டு வந்தா. சரி, புது ஆளு, போகட்டும்னு விட்டேன். அடுத்த வாரம் அது கையால நற்கருணையும் எடுத்துட்டு வந்து நிக்கா. நான் ஒரு வார்த்தை திட்டல. சாப்பிடல, அவ்வளவுதான். ரெண்டு நாள் தட்டை அப்படியே திருப்பி அனுப்பினேன். மூணாம் நாள் அவளே, "இனிப் போகல, சாப்பிடுங்க"ன்னுட்டா. சொன்ன சொல் கேக்கவ தம்பி. அந்தக் காலத்துப் பொம்பள.

அப்புறம் எங்கள மாதிரி நெனைக்கிற வீடுகள் எல்லாம் சேந்தோம். பத்துப் பதினாலு வீடு இருக்கும். வேற சபைக்கு ஓடுற ஆளுக இல்ல நாங்க. எங்க கோயில், எங்க தாத்தன் கல் சுமந்த கோயில், அதை விட்டுட்டு எங்க போக? அந்தப் பிள்ளையைத் துரத்துங்கன்னும் கேக்கல. எங்களுக்கு வேற மேய்ப்பர் தாங்கன்னு கேட்டோம், அவ்வளவுதான். இதே கட்டடத்துலதான் கூட்டம் நடந்துச்சு. பேராயர் ஐயா பொறுமைசாலி, தலைவலி மாத்திரை போட்டுக்கிட்டே கேட்டாவ. கடைசியில சரின்னாவ. பக்கத்துச் சேகரத்துக் குருவானவர் தவசிமணி ஐயர் மாசத்துல ஒரு ஞாயித்துக்கிழமை சாயந்திரம் எங்க கோயில்லயே வந்து எங்களுக்கு மட்டும் நற்கருணை கொடுப்பாவ. எங்க வீட்டுக் கல்யாணம், ஞானஸ்நானம், அடக்கம், வியாதிக்காரங்கள விசாரிக்கறது எல்லாம் அவியதான். பியூலா எங்க வீட்டுக்குள்ள குருவானவரா காலு வைக்கக்கூடாது. எழுத்துல வந்துட்டு.

எழுதுறதுக்கு முந்தி பேராயர் ஐயா பேனாவ நிறுத்திட்டு ஒண்ணு கேட்டாவ. "அவசரத்துக்கு என்ன செய்வீங்க? சாகக் கிடக்கிறவங்க கேட்டா, தவசிமணி வர முடியலைன்னா, அந்தம்மா கொடுக்கலாம்னு ஒரு வரி போட்டுக்கிடலாமா?"ன்னாவ. மத்தவன் எல்லாம் ஒருத்தன் முகத்தை ஒருத்தன் பாக்கான். நான் எந்திரிச்சேன். "அவசரத்துக்கும் வேண்டாம் ஐயா. செத்தாலும் எங்க ஐயர்தான். இல்லாட்டி வாங்காமலே போறோம்"னேன். எல்லாரும் கை தட்டினானுவ. பேராயர் ஐயா என்னையவே கொஞ்ச நேரம் பாத்துட்டு அப்படியே எழுதினாவ. வீட்டுக்கு வந்து புஷ்பத்துகிட்ட சொன்னேன். அவ பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தா. "எனக்கும் சேத்தா சொன்னிய?"ன்னு கேட்டா. குடும்பத் தலைவன் சொன்னா வீட்டுக்கே சொன்ன மாதிரிதானே தம்பி? அதுல என்ன கேள்வி இருக்கு?

அதுக்கப்புறம் எங்க வீடு அமைதி ஆயிட்டு. முன்னால அவ சமைக்கும்போது பாடிக்கிட்டே சமைப்பா, எனக்கு ரேடியோ கேக்காது. இப்போ கேட்டுச்சு. பாட்டுக் குழு காலை ஆராதனையிலதானே பாடும், அங்க போக முடியாதே, அதனால அதை விட்டுட்டா. சாயந்திர ஆராதனையில பொம்பளப் பக்கம் நாலு பேரு இருப்பாவ. தவசிமணி ஐயர் பஸ்ஸுக்கு நேரம் பாத்துக்கிட்டே வேக வேகமா முடிப்பாவ, பாட்டெல்லாம் ஒரு சரணம்தான். முடிஞ்சதும் இவ உக்காந்த இடத்துலயே உக்காந்திருப்பா. விளக்க அணைச்சதுக்கப்புறம்தான் எந்திரிப்பா. ஒரு நாளும் என்னைக் குறை சொன்னது இல்ல. குறைன்னு இல்ல, பேச்சே குறைஞ்சு போச்சுன்னு வைங்க. வயசாயிட்டுல்லா.

போன வருஷம் மழைக்காலத்துல அவளுக்கு வயித்துல நோவு. இங்க ஸ்கேன், அங்க ஸ்கேன்னு அலைஞ்சு பாத்தா பித்தப்பையில புத்து, ஈரல் வரைக்கும் பரவியாச்சு. வேலூர் போனோம். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னுட்டாவ. அவ தங்கச்சி செல்லக்கனி வந்து கூட இருந்து பாத்துக்கிட்டா, பாவம், நல்லவ, ஆனா இளகின மனசு. கஞ்சி கொடுத்தா வெளிய வந்துரும், குளுக்கோஸ் தண்ணி கொடுத்தாலும் வந்துரும். ஆளு பாதியா ஆயிட்டா.

அந்தப் பிள்ள பியூலா விசாரிக்க வந்துச்சு. நான் மரியாதையாத்தான் நடத்தினேன், அதை இன்னைக்கு விசாரணையிலயும் சொல்லுவேன். வாசல்ல நாற்காலி போட்டேன், ஹார்லிக்ஸ் போடச் சொன்னேன். "அக்காவப் பாத்து ஒரு ஜெபம் பண்ணிட்டுப் போறேன் அண்ணாச்சி"ன்னுச்சு. "ஜெபம் எங்கிருந்து பண்ணினாலும் ஆண்டவருக்குக் கேக்கும், இங்கன இருந்தே பண்ணும்மா"ன்னேன். பண்ணிட்டுப் போச்சு. உள்ள கட்டில்ல இவ தலையைத் திருப்பி ஜன்னலப் பாத்துக்கிட்டே இருந்தான்னு செல்லக்கனி அப்புறம் சொன்னா.

அந்த நாளுக்கு வாரேன். காலையில இருந்தே மூச்சு ஒரு மாதிரி இழுத்துச்சு. டாக்டர் வந்து கையைப் பிடிச்சுப் பாத்துட்டு, சொந்தக்காரங்களுக்குச் சொல்லிருங்கன்னாரு. புஷ்பம் என்னையக் கூப்பிட்டா. குனிஞ்சு கேட்டேன். "எனக்கு நற்கருணை வேணும்"னா. அது வரைக்கும் நோவுல கூட ஒண்ணு வேணும்னு கேக்காதவ. சரி, இப்பவே ஏற்பாடு பண்ணுதேன்னு தவசிமணி ஐயருக்குப் போன் போட்டேன். அவிய வீட்டம்மாதான் எடுத்தாவ. ஐயருக்கு டெங்கு, ஆஸ்பத்திரியில நினைவு இல்லாமக் கிடக்காவளாம். "அண்ணாச்சி, பியூலா பக்கத்துலதானே இருக்கு, கூப்பிடுங்களேன், இந்த நேரத்துல என்ன"ன்னு அந்தம்மா அழுதுக்கிட்டே சொல்லுது. ஐயரம்மாவே இப்படிச் சொன்னா ஊர் எப்படித் தேறும்? போனை வச்சுட்டேன்.

செல்லக்கனி பின்னாலயே வந்தா. "அத்தான், பியூலாம்மாவக் கூப்பிடுவோம் அத்தான். அக்கா கேக்கா." நான் புஷ்பத்துகிட்டயே போனேன். "ஏட்டி, தவசிமணி ஐயரு படுத்துட்டாவ. அருமைநாயகம் ஐயரைப் போய்க் கூட்டிட்டு வாரேன், பொறுத்துக்கிடுவியா?"ன்னு கேட்டேன். அவ கண்ணை மூடிட்டா. சரின்னுதான் அர்த்தம். வேற என்ன அர்த்தம் இருக்கு?

அருமைநாயகம் ஐயர் ரிட்டயர் ஆகி ரொம்ப வருஷம் ஆச்சு, கடற்கரைப் பக்கம் மக வீட்டுல இருக்காவ. எங்க கட்சிக்கு அவியதான் பெரிய ஆளு. பொம்பள குருத்துவத்துக்கு எதிரா ஊர் ஊராப் பேசினவிய. கார் எடுத்துக்கிட்டுப் புறப்பட்டேன். போகும்போது கேட்டைப் பூட்டிச் சாவியைச் சட்டைப் பையில போட்டுக்கிட்டேன். எப்பவும் பூட்டுறதுதான். நாய் வந்துரும், கண்ட ஆளு வந்துரும், வீட்டுல பொம்பளைங்க மட்டும். செல்லக்கனி இளகின மனசுன்னு சொன்னேன்ல, அதையும் நெனச்சுக்கிட்டேன்னு வைங்க. அது ஒரு தப்பா?

அங்க போனா அருமைநாயகம் ஐயர் சாப்பிட்டுப் படுத்திருக்காவ. எழுப்பி விஷயத்தைச் சொன்னேன். வருதேன்னாவ, ஆனா வயசாளி, குளிக்காமப் பரிசுத்த காரியத்தைத் தொடமாட்டாவளாம். குளிச்சாவ. அங்கி கசங்கியிருக்கு, மகளைக் கூப்பிட்டு இஸ்திரி போடச் சொன்னாவ. கரண்டு இல்ல. கரண்டு வர வரைக்கும் உக்காந்து, பியூலா மாதிரி ஆளுகளால சபை எப்படிக் கெட்டுப்போச்சுன்னு பேசிக்கிட்டு இருந்தாவ. நான் கேட்டுக்கிட்டு இருந்தேன். அவிய பேச்சு நல்ல பேச்சுதான், மேடையில கேட்டா கண்ணுல தண்ணி வரும். அன்னைக்கு எனக்குக் காது அடைச்சுக்கிட்டு.

வர வழியில ரயில்வே கேட்டுல நிக்கோம், செல்லக்கனி போன். "அத்தான், அக்காவுக்கு மூச்சு வாங்குது. நான் பியூலாம்மாவக் கூப்பிட்டுட்டேன், மன்னிச்சுக்கிடுங்க. கேட்டுக்கு வெளிய நிக்காவ. சாவி எங்க இருக்கு?"

"என் பையில இருக்கு"ன்னேன்.

"பூட்டை உடைக்கச் சொல்லட்டா அத்தான்?"

"உடைச்சா இந்த வீட்டுப் படியை நீ மறுபடி மிதிக்க வேண்டாம். ஐயரோட வந்துக்கிட்டே இருக்கேன், பொறு"ன்னேன். பக்கத்துல அருமைநாயகம் ஐயர் தலையை ஆட்டினாவ. ரயில் வந்துச்சு, சரக்கு ரயிலு, நீள நீளமாப் போய்க்கிட்டே இருந்துச்சு. எனக்கு இறங்கித் தள்ளிவிடலாமான்னு இருந்துச்சு தம்பி.

நான் வந்து சேந்தப்போ கேட்டுக்கு வெளிய யாரும் இல்ல. ஸ்கூட்டர் நின்ன தடம் மட்டும் ஈர மண்ணுல கிடந்துச்சு. பூட்டு உடைக்கல. திறந்து உள்ள போறேன், செல்லக்கனி அழல, சும்மா கட்டில் பக்கத்துல உக்காந்து அக்கா தலையைக் கோதிக்கிட்டு இருக்கா. பாத்ததும் தெரிஞ்சுபோச்சு. போய்ட்டா. கொஞ்ச நேரத்துக்கு முந்திதான் போயிருக்கா, கை இன்னும் சூடா இருந்துச்சு. நான் அந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டுத் தரையில உக்காந்துட்டேன்.

அருமைநாயகம் ஐயர் நற்கருணைப் பெட்டியத் திறக்கப் போனாவ, பழக்க தோஷம். செல்லக்கனிதான் சொன்னா. "வேண்டாம் ஐயா. அக்கா வாங்கிட்டா."

"யாருகிட்ட?"ன்னு கேட்டேன்.

அப்புறம்தான் எல்லாத்தையும் சொன்னா. அந்தப் பிள்ள கேட்டுக்கு வெளிய மழைத் தூறல்ல நின்னு, ஸ்கூட்டர் சீட்டுமேலயே துணியை விரிச்சு, அப்பத்தையும் திராட்சரசத்தையும் வச்சு, நற்கருணை முறை முழுசும் சொல்லியிருக்கு. அதுக்குச் சின்னத் தொண்டை, கோயில்ல பின் பெஞ்சுக்குக் கேக்காதுன்னு நாங்க கேலி பண்ணுவோம். அன்னைக்கு உள்ள கட்டிலுக்குக் கேக்கணும்னு கத்தியிருக்கு. தெருவே வந்து நின்னுட்டு. எதித்த வீட்டுக்காரங்க முழங்கால் போட்டாங்களாம், ரோட்டுல. அப்புறம் கேட்டுக் கம்பி இடுக்கு வழியாக் கையை நீட்டி, செல்லக்கனி உள்ளங்கையில அப்பத்தை வச்சிருக்கு. இவ முந்தானையால மூடிக்கிட்டு முற்றத்தைக் கடந்து ஓடி வந்து அக்கா வாயில வச்சிருக்கா. மறுபடி ஓடிப்போய் சின்னக் கிளாசுல ரசம். புஷ்பம் வாங்கினா. முழுங்கினா. "வெளிய வரல அத்தான்"ன்னு சொன்னா செல்லக்கனி. "எத்தனையோ நாளா எதுவும் தங்கல. அது தங்கிச்சு." அப்புறம் கொஞ்ச நேரம் என்னவோ முணுமுணுத்தாளாம். பாட்டு மாதிரி இருந்துச்சாம்.

எனக்கு அந்த நிமிஷம் கோபமா, என்னன்னு சொல்லத் தெரியல. சரி, வாங்கிட்டாளே, கேட்டது கிடைச்சுட்டுதேன்னு ஒரு பக்கம் மனசு போகுது. அப்போ அருமைநாயகம் ஐயர் என் தோளைத் தட்டிச் சொன்னாவ. "அது நற்கருணையே இல்லியே சுவிசேஷமுத்து. உனக்குத் தெரியாததா? அது வெறும் அப்பம். பாவம், கடைசியில வாங்காமலே போயிட்டா."

நான் சொன்னதுதான் தம்பி. என் வாயால எத்தனை தடவை சொல்லியிருக்கேன். அதையே என் பொண்டாட்டி கை என் கைக்குள்ள இருக்கும்போது இன்னொருத்தர் சொல்லிக் கேட்டதில்ல. எந்திரிச்சேன். "வெளிய போங்க"ன்னேன். அவியளுக்குப் புரியல. "உங்க பெட்டியத் தூக்கிக்கிட்டு வெளிய போங்க ஐயரே"ன்னு கத்தினேன், மில்லுல கத்துற மாதிரி. கார்ல கொண்டு விடல. மழைக்குள்ள பஸ்ஸுக்கு நடந்து போனாவ, அந்த இஸ்திரி போட்ட அங்கியோட. ஊர்க்காரன் இன்னும் அதைச் சொல்லிக் காட்டுதான்.

அடக்கத்துக்குப் பேராயர் ஐயா டவுன்ல இருந்து ஒரு சின்ன ஐயரை அனுப்பி வச்சாவ. ஒரு போன்தான் போட்டோம், கார்ல வந்து இறங்கிட்டாவ. செத்தவளுக்கு எவ்வளவு சீக்கிரம் ஐயர் கிடைக்காவ பாருங்க. பியூலா கல்லறைத் தோட்டத்துக்குள்ள வரல. எங்க வீட்டு அடக்கமாச்சே, எழுத்துல இருக்கே. ரோட்டுலயே நின்னுச்சு.

அதோட விட்டிருப்பேன். எங்க கட்சிக்காரன் விடல. ஆறுதல் சொல்லுதோம்னு வீட்டுல ஜெபக்கூட்டம் வச்சான். ஒருத்தன் ஜெபம் பண்ணுதான், "உம்முடைய பந்தியை ருசிக்காமலே கடந்துபோன எங்கள் சகோதரிக்காக"ன்னு. என் வீட்டு ஹால்ல, அவ படத்துக்கு முன்னால. அவன் ஒண்ணும் தப்பாச் சொல்லல. நான் சொல்லிக் கொடுத்ததைத்தான் சொன்னான். பாய எல்லாத்தையும் சுருட்டச் சொல்லிட்டேன். இனி இந்த வீட்டுல கூட்டம் கிடையாதுன்னுட்டேன். அப்புறம் அவன்களே சேந்து, பியூலா ஒப்பந்தத்தை மீறிட்டு, எங்க வீட்டுக்காரங்களுக்கு நற்கருணைன்னு எதையோ கொடுத்துட்டு, அதைக் குருத்துவத்துல இருந்து நீக்கணும்னு மேல எழுதி அனுப்பினானுவ. அதுக்குத்தான் இன்னைக்கு.

எனக்கு வேற வழி தெரியாம ஒரு நாள் அந்தப் பிள்ளை வீட்டுக்கே போனேன். ஆமா, நான்தான் போனேன். வாசல்லயே நின்னு கேட்டேன். "நீ அன்னைக்குக் கொடுத்தியே, அது நற்கருணைதானா?"

"அக்கா வாயைத் திறந்து வாங்கிக்கிட்டாங்கன்னு செல்லக்கனியக்கா சொன்னாங்க. அவங்க பசியோட போகல அண்ணாச்சி"ன்னுச்சு.

"அது நான் கேட்டதுக்குப் பதில் இல்ல"ன்னேன்.

"நான் நற்கருணைதான்னு சொன்னா நீங்க நம்புவீங்களா?"ன்னு கேட்டுச்சு.

நம்பமாட்டேன்னு சொன்னேன். நம்ப முடியாதே தம்பி. அது கொடுத்தது செல்லுமான்னு அதுகிட்டயே எப்படிக் கேக்க? செல்லும்னு சொல்லுற அதிகாரம் அதுக்கு இருந்தா நான் எதுக்கு இவ்வளவு நாள் சண்டை போட்டேன்? அது தலையைக் குனிஞ்சுக்கிட்டு அழுதுச்சு. நான் வந்துட்டேன்.

நான் இப்போ நற்கருணை எடுக்கறது இல்ல. தவசிமணி ஐயர் தேறி வந்துட்டாவ, சாயந்திர ஆராதனை நடக்கு, போறேன், உக்காந்திருக்கேன், எல்லாரும் எந்திரிச்சுப் போகும்போது நான் போறதில்ல. அவ வாங்காமப் போயிருந்தா, நான் மட்டும் எப்படி வாங்க? அவ வாங்கிட்டுத்தான் போயிருக்கான்னா, அவ சாப்பிட்ட பந்தி வேற, நான் சாப்பிடுற பந்தி வேறன்னு ஆகுது. நாப்பது வருஷம் ஒரே வீட்டுல ஒரே சோத்தைத் தின்னவங்க தம்பி. ராத்திரி படுத்தா இதுதான் ஓடுது. தூக்கம் வரல.

உள்ள போய் என்ன சொல்லப் போறேன்னு கேக்கியளா? யோசிச்சு வச்சிருக்கேன். அந்தப் பிள்ள ஒப்பந்தத்தை மீறினது நிசம், அதுக்கு என்ன தண்டனை உண்டோ கொடுங்க, அதுல நான் குறுக்க வரமாட்டேன். ஆனா அந்த அப்பம் செல்லும்னு பேராயர் ஐயா சொல்லணும். எல்லாருக்கும் இல்ல. புஷ்பத்துக்கு மட்டும். அந்த ஒரு நாளைக்கு மட்டும், அந்த ஒரு வாய்க்கு மட்டும். மறுநாள்ல இருந்து செல்லாதுன்னு வச்சுக்கிடட்டும், எனக்கு ஆட்சேபணை இல்ல. பேராயருக்கு எவ்வளவோ அதிகாரம் இருக்கு, இது ஒண்ணு முடியாதா?

அது எப்படி முடியும்னு உங்க வாய் வரைக்கும் வருது, எனக்குத் தெரியுது. போன தடவை விசாரிக்கக் கூப்பிட்டப்போ பேராயர் ஐயாவும் அப்படித்தான் சொன்னாவ. ஒண்ணு எல்லாருக்கும் செல்லும், இல்லாட்டி ஒருத்தருக்கும் செல்லாது, நீங்க என்ன சாட்சி சொல்லுதீங்கன்னு யோசிச்சுட்டு வாங்கன்னாவ. செல்லாதுன்னு நான் சொன்னா அந்தப் பிள்ளைக்கு அங்கி போயிரும், எங்க கட்சி ஜெயிச்சுரும், புஷ்பம் வாங்காமப் போனவளாயிருவா. செல்லும்னு சொன்னா, என் பொண்டாட்டியை ரெண்டு வருஷம் ஒண்ணும் இல்லாததுக்காகவா அந்த ஆராதனையில தனியா உக்கார வச்சேன்? அப்படிக் கேள்வி வரும்ல? நீங்க கேக்கமாட்டிய, அவ கேப்பா.

இந்தா, பியூன் வந்துட்டான். என் பேரைத்தான் சொல்லுதான். அந்தப் பிள்ளையும் எந்திரிச்சு நிக்கு, பாத்தியளா, நான் உள்ள போறதுக்கு வழி விடுது. மரியாதை தெரிஞ்ச பிள்ளதான், இல்லன்னு சொல்லல. நான் வாரேன் தம்பி. எனக்கு ஜெயிக்கவும் வேண்டாம், தோக்கவும் வேண்டாம். புஷ்பம் பசியோட போகலைன்னு ஒரு ஆம்பிள வாயால நான் கேக்கணும்.